மணிக்குக் கடைசி ஊசி!

தீராத நோயில் துடிக்கும் நாயைத் "தூங்க" வைக்கும்போது என்ன நடக்கும்? நேரில் பார்த்த நமது நிருபர்

சென்னை புரசைவாக்கத்தில் ஒரு சந்து. அதற்குள் ஒரு மிருக ஆஸ்பத்திரி. காலை மணி 10.

வாசல் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். அச்சாபீசில் வேலை. விரல் இடுக்கில் இன்னும் மசி போகவில்லை. மடியில் பழைய போர்வை. போர்வைக்குள் ஒரு நாட்டு நாய்.

பெயர் மணி. வயது 12.

நாய் அசையவில்லை. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் வால் நுனி லேசாக ஆடியது.

"அஞ்சு நாளா சோறு இல்லை தம்பி. தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. ராத்திரி பூரா முனகுது. நாங்க யாரும் தூங்கலை" என்றார்.

நான் அங்கே போனது வேறு வேலையாக. தெரு நாய் கடித்த ஒரு கேஸ் பற்றி விசாரிக்கப் போனேன். ஆனால் அந்த மனிதரைப் பார்த்த பிறகு கால் நகரவில்லை.

கொலை, கொள்ளை, விபத்து என்று எழுதிப் பழகிய கை இது. இதுவும் ஓர் உயிர் போகிற செய்திதான். ஆனால் இதில் குற்றவாளி யாரும் இல்லை. அப்படித்தான் அன்று காலை நினைத்தேன். அந்த அச்சாபீஸ்காரர் அப்படி நினைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

டாக்டரம்மா சொன்னது

உள்ளே அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுங்க. ரத்தத்துல கிரியேட்டினின்னு ஒரு உப்பு. ஒண்ணரைக்குள்ள இருக்கணும். இதுக்குப் பதினொண்ணு இருக்கு. வாய்ல புண் பாருங்க. மூச்சுல நாத்தம் பாருங்க. உடம்பு பூரா விஷம் ஏறிடுச்சு."

"டயாலிசிஸ்னு சொல்றாங்களே டாக்டரம்மா?"

"பண்ணலாம். திடீர்னு கெட்டுப்போன கிட்னின்னா அது கைகொடுக்கும். இது வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமாக் கெட்டது. சில நாள் தள்ளிப் போகும். அவ்வளவுதான். நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்க நாயா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"தூங்க வெச்சிடுவேன்" என்றார் டாக்டரம்மா.

கருணைக் கொலை என்று நாம் எழுதுகிறோம். ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. தூங்க வைப்பது என்றுதான் சொல்கிறார்கள்.

எப்போது முடிவு எடுப்பது?

வாசகர்களில் பலர் வீட்டில் நாயோ பூனையோ இருக்கும். இந்த நாள் உங்களுக்கும் வரலாம். ஆகவே, தெரிந்து கொள்ள வேண்டியதை விவரமாகத் தருகிறேன்.

நாய் தன் வலியை வாய்விட்டுச் சொல்லாது. பல நாய்கள் கத்தக்கூடச் செய்யாது. மூலையில் போய்ப் படுத்துக் கொள்ளும். பூனை இன்னும் மோசம். கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கொள்ளும்.

அலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கப் பெண் கால்நடை டாக்டர் 2004-ம் ஆண்டில் ஒரு கணக்கு வகுத்தார். ஏழு கேள்விகள். வலி அடங்குகிறதா? சாப்பிடுகிறதா? தண்ணீர் தங்குகிறதா? உடம்பு சுத்தமாக இருக்கிறதா? சந்தோஷமாக இருக்கிறதா? எழுந்து நடக்கிறதா? கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா?

ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். மொத்தம் 70. முப்பத்தைந்துக்கு மேல் வந்தால் வைத்தியத்தைத் தொடரலாம். அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் டாக்டரிடம் மனம் விட்டுப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

டாக்டரம்மா இன்னும் சுலபமான வழி ஒன்று சொன்னார். வீட்டுக் காலண்டரில் தினமும் ஒரு குறி போடுங்கள். நல்ல நாளுக்கு ஒரு கோடு. கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி வரிசையாக விழ ஆரம்பித்தால் காலண்டரே பதில் சொல்லிவிடும்.

ஒன்று மட்டும் கவனம். கிழடு ஆகிவிட்டது, செலவு ஆகிறது, வீடு மாறுகிறோம் என்பதெல்லாம் இதற்குக் காரணம் ஆகாது. நோய் தீராது, வேதனை அடங்காது என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

"பொண்ணுக்கு இன்னும் சொல்லலை"

அச்சாபீஸ்காரர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"ஸ்கூல்ல பொண்ணு இருக்கு டாக்டரம்மா. பத்தாவது படிக்குது. அது மூணு வயசா இருக்கும்போது இது குட்டியா வந்துச்சு. அதுக்கு இன்னும் சொல்லலை. சாயங்காலம் வந்தா, ஓடிப் போச்சுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"அது தினம் தெருவுல தேடும். வருஷக்கணக்காத் தேடும். பரவாயில்லையா?"

அவரிடம் பதில் இல்லை.

"வலிக்கு ஊசி போடறேன். டிரிப்ஸ் ஏத்தறேன். ரெண்டு மணி நேரம் தாங்கும். பொண்ணைக் கூட்டி வாங்க. உள்ள இருக்கிறதா வெளிய நிக்கிறதான்னு அதுவே முடிவு பண்ணட்டும்."

அவர் மனைவிக்குப் போன் போட்டார்.

இங்கே ஒரு விஷயம். சின்னக் குழந்தைகளிடம் "தூங்க வெச்சுட்டோம்" என்று சொல்லாதீர்கள். அன்று ராத்திரி தூங்கவே அந்தக் குழந்தை பயப்படும். "ஊருக்குப் போயிருக்கு" என்று சொன்னால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நோய் தீரவில்லை, செத்துப் போச்சு, இனிமேல் வலிக்காது என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. குழந்தை அழும். அழட்டும்.

காந்தி ஆசிரமத்தில்...

காத்திருந்த நேரத்தில் அவர் என்னைக் கேட்டார்.

"இது பாவம் இல்லையா தம்பி?"

இந்தக் கேள்வி புதிது அல்ல. 1928-ம் ஆண்டிலேயே நாடு முழுவதும் எழுந்த கேள்வி இது.

சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி நோயில் விழுந்தது. வைத்தியம் பார்த்தார்கள். பலிக்கவில்லை. புரண்டு படுக்கக்கூட முடியாமல் வேதனைப்பட்டது. இனி வழி இல்லை என்ற நிலை வந்ததும், ஆசிரமத்தாரோடு கலந்து பேசிய காந்தி, டாக்டரை வைத்து ஊசி போட்டு அதன் வேதனையை முடித்தார்.

அகிம்சை பேசியவரே இப்படிச் செய்யலாமா என்று ஆத்திரக் கடிதங்கள் குவிந்தன. காந்தி மறைக்கவில்லை. தன் பத்திரிகையிலேயே விவரமாக எழுதினார். சுயநலம் இல்லாமல், அந்த உயிரின் வேதனையைத் தீர்க்க மட்டுமே செய்தால் அது இம்சை ஆகாது என்பது அவர் வாதம்.

நான் இதைச் சொன்னேன். அவர் கேட்டுக் கொண்டார். "காந்திக்கு மனசு கெட்டி" என்றார்.

12 மணிக்கு வந்த சிறுமி

பகல் 12 மணி. மாணவி வந்தாள். பள்ளிச் சீருடை. தோளில் புத்தகப் பை. கூடவே தாயார்.

அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்தாள். மணியின் தலையை மடியில் வைத்துக் கொண்டாள்.

"நான் உள்ளேயே இருக்கேன்" என்றாள்.

தாயார் வெளியே போய்விட்டார். அதுவும் தவறு இல்லை. இருப்பவர் இருக்கலாம். தாங்காதவர் வெளியே நிற்கலாம். ஆனால் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் நாய் மிரளாது என்று டாக்டரம்மா சொன்னார்.

அப்பா கையெழுத்துப் போட்டார்.

ஊசி போடும்போது என்ன நடக்கும்?

நான் பார்த்ததை அப்படியே தருகிறேன்.

முதலில் ஒரு மயக்க ஊசி. தொடைச் சதையில் போட்டார்கள். மணி ஒரு தடவை சிலிர்த்தது. சில நிமிடங்களில் கண் சொக்கியது. முனகல் நின்றது. ஐந்து நாளாக இறுகிக் கிடந்த உடம்பு தளர்ந்தது. இந்த மருந்தில் சில நாய்கள் ஒரு தடவை வாந்தி எடுக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

டிரிப்ஸ் ஏறிய முன்னங்காலில் ஊசிக் குழாய் ஏற்கெனவே இருந்தது. அது இல்லாவிட்டால் அந்த இடத்து முடியைச் சிரைத்து நரம்பு தேடுவார்கள். ரத்த ஓட்டம் குறைந்த நாய்க்கும் பூனைக்கும் நரம்பு கிடைக்கத் தாமதம் ஆகும். அப்போது வேறு இடத்தில் போடுவார்கள். நேரம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும்.

பிறகு கடைசி ஊசி. பார்பிச்சுரேட் இனத்து மருந்து. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும் இனம்தான். ஆனால் அளவு பல மடங்கு அதிகம்.

முதலில் மூளை மயங்கும். அதற்குச் சில வினாடிகள் போதும். அதன் பிறகு நாய்க்கு எதுவும் தெரியாது. அடுத்து மூச்சு நிற்கும். கடைசியில் இதயம் நிற்கும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சில ஆஸ்பத்திரிகளில் இதயத்தை நிறுத்த இரண்டாவது மருந்தும் போடுவார்கள். அதை முழு மயக்கத்துக்குப் பிறகுதான் போட வேண்டும். மயக்கம் இல்லாமல் அதை மட்டும் போடுவது கொடுமை. "முதலில் மயக்கம் கொடுப்பீர்களா?" என்று டாக்டரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை மணியின் நெஞ்சில் வைத்தார். ஒரு நிமிடம் கேட்டார். எடுத்தார். மறுபடி வைத்துக் கேட்டார்.

"போயிடுச்சும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம்.

மணி 12.25.

இதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

பலர் பயந்து போகிற இடம் இதுதான். முன்கூட்டியே தெரிந்தால் பயம் குறையும்.

கண் மூடாது. திறந்தபடியே இருக்கும். அது உங்களைப் பார்க்கவில்லை.

இதயம் நின்ற பிறகும் காலோ உதடோ துடிக்கலாம். ஒன்றிரண்டு தடவை வாய் திறந்து மூச்சு இழுப்பது போலத் தெரியும். உயிர் திரும்பி வந்துவிட்டது என்று சிலர் கத்தி விடுகிறார்கள். உயிர் அல்ல. சதை நரம்பின் கடைசி அசைவு.

சிறுநீர், மலம் போகலாம். கீழே ஒரு பழைய துணி விரித்து வையுங்கள்.

சில மணி நேரத்தில் உடம்பு விறைக்கும். ஆகவே எடுத்துப் போவதற்கு முன்பே கால்களை மடக்கித் துணியில் சுற்றிவிட வேண்டும்.

மணிக்கும் ஒரு தடவை கால் உதறியது. மாணவி திடுக்கிட்டாள். டாக்டரம்மா முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவள் கையை எடுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி நம்ம டிபார்ட்மென்ட்!

மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960-ல். வேதனையில் கிடக்கும் மிருகத்தைக் கொடுமை இல்லாமல் விடுவிக்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ரோட்டில் அடிபட்டுப் பிழைக்கவே முடியாமல் கிடக்கும் மிருகத்தின் சொந்தக்காரர் அங்கே இல்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. கான்ஸ்டபிளுக்கு மேல் பதவியில் உள்ள போலீஸ் அதிகாரி கால்நடை டாக்டரை வரவழைக்கலாம். இனி உயிரோடு வைப்பது கொடுமை என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால், மாஜிஸ்திரேட்டு உத்தரவு பெற்று அதன் வேதனையை முடிக்கலாம்.

தெரு நாய்களுக்கு 2001-ல் விதிகள் வந்தன. இப்போது உள்ளவை 2023-ல் வந்த விதிகள். தீராத நோய், பிழைக்க முடியாத காயம் என்று கண்டறியப்பட்ட நாய்க்கு மட்டும்தான் இந்த முடிவு. அதையும் தகுதி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும். இன்னொரு நாயின் கண் முன்னே செய்யக் கூடாது. உயிர் போய்விட்டது என்று உறுதி செய்யாமல் உடலை அகற்றக் கூடாது.

ஆனால், நாமே செய்துவிடலாம் என்று கிளம்பினால் அது குற்றம்! எலி பாஷாணம் வைப்பது, அடித்துக் கொல்வது, கோணிப்பையில் கட்டி ஆற்றில் போடுவது எல்லாம் குற்றம். பாரதீய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் 5 வருடம் வரை ஜெயில் உண்டு. தூக்க மாத்திரையைச் சோற்றில் கலந்து கொடுப்பதும் வேண்டாம். நாய் சாகாது. பாதி மயக்கத்தில் வாந்தி எடுத்து இன்னும் வேதனைப்படும்.

சோறு தண்ணீர் இல்லாமல் தவிக்கும்படி எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் 1960 சட்டப்படி குற்றம்தான். பலருக்கு இது தெரியாது.

நாய் யாரையாவது கடித்திருந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெறிநோய் சந்தேகம் இருந்தால் நடைமுறையே வேறு. யாரும் மடியில் வைத்துக் கொள்ளக் கூடாது. எச்சில் பட்டவர்கள், கடிபட்டவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். வெறிநோய் முற்றிய பிறகு மனிதனுக்கும் மருந்து இல்லை.

உடலை என்ன செய்வது?

அச்சாபீஸ்காரருக்கு வியாசர்பாடியில் வாடகை வீடு. வரிசை வீடுகளில் ஒன்று. ஒரு சாண் மண் கிடையாது. செங்குன்றத்தில் தங்கை வீடு. பின்பக்கம் கொஞ்சம் இடம் உண்டு. அங்கே கொண்டு போவதாக முடிவு.

டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். "நாலடி ஆழம் தோண்டணும். கிணறு, போர் பக்கம் வேண்டாம். போட்ட மருந்து உடம்பிலேயே இருக்கும். மேலோட்டமாப் புதைச்சா தெரு நாய் தோண்டித் தின்னும். அதுவும் செத்துப்போகும்."

காக்கை, கழுகுக்கும் இதே ஆபத்துதான். குப்பைத் தொட்டியிலும் கூவத்திலும் வீசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இடம் இல்லாதவர்கள், எரிக்க வசதி எங்கே இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். உயிர் போன பிறகு அலைவது பெரிய கஷ்டம்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு டாக்டர் சொன்னதில் சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கேட்பதில் தப்பு இல்லை. பிறகு மனசு உறுத்தாது.

"நான் செஞ்சது கொலையா?"

லோடு ஆட்டோ வந்தது. மணியைப் போர்வையோடு வைத்தார்கள். மாணவி பக்கத்தில் ஏறிக் கொண்டாள். புத்தகப் பை இன்னும் தோளிலேயே இருந்தது.

அச்சாபீஸ்காரர் ஏறவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க கொலைக் கேஸ் எழுதறவரு. எத்தனையோ பாத்திருப்பீங்க. ஒண்ணு சொல்லுங்க. அது என்னை நம்பி மடியில படுத்துச்சு. நான் கையெழுத்துப் போட்டேன். நான் செஞ்சது கொலையா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. லாரியில் அடிபட்டது. இடுப்பு முறிந்து போயிற்று. மிருக டாக்டர் வந்து பார்த்தார். பிழைக்காது, ஊசி போட்டுவிடலாம் என்றார். பாவம் நமக்கு வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். நாங்களும் சரி என்றோம்.

அது தானாகச் சாக 9 நாள் ஆயிற்று. அந்த 9 நாளும் நான் பின்வாசல் பக்கமே போகவில்லை. சத்தம் கேட்காமல் இருக்க ரேடியோவைப் பெரிதாக வைத்தோம்.

இதை அவரிடம் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"கொலை கேஸ்ல செத்தவன் முகத்துல பயம் இருக்கும் அண்ணே. மணி முகத்துல அது இல்லை. எங்க நாய் முகத்தை நான் பார்க்கவே இல்லை. எது பாவம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக் கொண்டார்.

"இதைப் பேப்பர்ல எழுதுங்க தம்பி. நாலு பேருக்குத் தெரியட்டும். என் பேரு போடாதீங்க. நாயி பேரை மட்டும் போடுங்க" என்றார்.

ஆட்டோ செங்குன்றம் நோக்கிப் புறப்பட்டது.

பெயர் மணி. வயது 12. நாட்டு நாய்.